சோலைமலையின் வீட்டுப்பாடம்

— என்ன சொன்னீக? திரும்பச் சொல்லுங்க.

— நன்றின்னேன்.

— யாருக்கு?

— இங்கன வேற யாரு இருக்கா? உனக்குத்தான், முத்துமாரி.

— கட்டுன பொண்டாட்டிக்கு நன்றியா? நான் என்ன அசலூர்க்காரியா? ஏங்க… ஆஸ்பத்திரிக்குப் போனீகளா? டாக்டர் ஏதும் சொல்லிட்டாரா?

— ஏ புள்ள, வாயக் கழுவு. பட்டாசுக் கம்பெனியில வீட்டுப்பாடம் குடுத்திருக்காக.

— பேரன் எடுத்த வயசுல வீட்டுப்பாடமா!

— மதுரையில இருந்து ஒரு டீச்சரம்மா வருதுல்ல, சந்தோசமா இருக்குறது எப்படின்னு கிளாஸ் எடுக்க… அது இன்னைக்குச் சொல்லிச்சு. உனக்கு நல்லது செஞ்ச ஆளு யாருன்னு பாரு, நேராப் போயி மூஞ்சியப் பாத்து நன்றி சொல்லு, சந்தோசம் வரும்னு.

— அப்ப என் மூஞ்சியப் பாருங்க. செவத்தப் பாத்துல்ல சொல்லுறீக.

— பாத்தேன், பாத்தேன்.

— வந்துச்சா?

— எது?

— சந்தோசம்.

— வருதாம்! எல்லாம் ஏமாத்து வேலை. இம்புட்டு நாளும் படிச்சவுக, மனுசனுக்கு மனசு ஏன் கெடுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தாகளாம். இப்ப, நல்லா இருக்கவன் எப்படி நல்லா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ணுறாகளாம். நல்லா இருக்கவனச் சும்மா விட வேண்டியதுதான?

— அது சரி…

— இன்னுங் கேளு. சந்தோசத்துல பாதி பொறக்கும்போதே வந்துருமாம். கொஞ்சம் வீடு வாசலாம். மிச்சம் நம்ம கையிலயாம்.

— உங்களுக்கு அந்தப் பாதி எங்கிட்டு வந்துச்சு? உங்கப்பா சிரிச்சு ஆமத்தூர்ல எவன் பாத்தான்?

— எங்கப்பாவ ஏன் இழுக்க? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, சோலி முடிஞ்சது. நாளைக்கு எல்லாரு முன்னாடியும் எந்திருச்சு நின்னு சொல்லணும்.

— எதுக்கு நன்றின்னே சொல்லல… நான் எப்படிச் சரிங்கிறது?

— அதான்… பொதுவா.

— பொதுவா நன்றி சொல்ல நான் என்ன மேடையிலயா உக்காந்திருக்கேன்?

— போன சீசன்ல… பட்டாசு மருந்து பத்திக்கிட்டு ரெண்டு கையும் வெந்து கெடந்தேன்ல.

— ஆமா.

— சோறு ஊட்டுனேல்ல.

— பசிச்சுச்சு, ஊட்டுனேன்.

— வேட்டிகூட நீதான் கட்டிவிட்ட. ஒரு நா கோவத்துல தட்ட மொளங்கையால தட்டிவிட்டேன். நீ வாயே தொறக்காம மறுபடி பெசஞ்சு எடுத்தாந்த… அதுக்குத்தான். சரின்னு சொல்லு.

— ஏங்க… இன்னைக்கு ஆர்டர் அவசரம்னு கிளாஸே நடக்கலையாமே. டீச்சரம்மாவக் கம்பெனி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாகளாம். பேக்கிங்ல இருக்க ஜெயசீலி சாயங்காலமே சொல்லிட்டா.

— தெரிஞ்சுக்கிட்டேவா இம்புட்டு நேரம் என்னைய இழுத்தடிச்ச!

— மொதல்லயே சொல்லியிருந்தா எந்திருச்சு டீக்கடைக்குப் போயிருப்பீக. உங்க கை ஆறுன நாள்ல இருந்து இந்த ஒரு பேச்சுக்குத்தான காத்துக்கிட்டு இருக்கேன்.