பெரியவங்க சேதி முடியட்டும்

அன்னூர்ச் சாலை விமானத் திடலின் அரசே! பண்பின் பாசறையே! உயர்ந்தோர் முன் பணிவும் தாழ்ந்தோரிடம் கனிவும் ஓயாது ஒழுகும் உத்தமரே! நிலைய அதிகாரி திருமலைசாமி அவர்கள் இன்று ஓய்வு பெறுகிறார்கள். அடடா, என்ன பேறு! யாருக்கென்று சபையோரே முடிவு செய்யட்டும்.

அவர்களின் மரியாதைக்கு இந்தச் சீமையில் ஈடில்லை. கூட்டுகிற ஆளையும் வாங்க போங்க என்றே அழைத்தார்கள். சென்ற ஆண்டு ஆடியில் ஓர் உயிர் போன அன்றும் அம்மரியாதை எள்ளளவும் குறையவில்லை.

அன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேகத்தை வாரிவந்து மலையை மூடியது. மேலே தபால் விமானத்தில் கோவிந்தராஜுலு. பீளமேட்டுப் பிள்ளை, கலியாணம் நிச்சயமானவன். கீழே கம்பியில்லாமல் பேசும் பெட்டியின் முன் அந்தோணிராஜ். நம்மிடம் இருப்பது ஒரே பெட்டி. சென்னையோடு பேசினால் ஆகாயத்தோடு பேச முடியாது. வரப்போகும் துரைமகனாருக்கு ரோஜா மாலையா, சம்பங்கி மாலையா, முன்வரிசையில் யார் யார் என்று அதிகாரி சொல்லச் சொல்ல, அந்தோணிராஜ் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதிகாரி அடுத்த பேரை யோசித்த இடைவெளியில் பையனின் குரல் கேட்டது: மலை தெரியவில்லை, எந்தப் பக்கம் திரும்பட்டும்?

"ஏனுங்க, கோவிந்து கூப்புடறானுங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போடறேனுங்க."

"பொறுங்க அந்தோணி. பெரியவங்க சேதி முடியட்டுங்க. பாதியில நிறுத்துனா மரியாதை இல்லீங்க."

மேலதிகாரியை எதிர்த்துப் பேசியறியாத அந்தோணிராஜ் மாலைச் சேதியையே தொடர்ந்து அனுப்பினார். சம்பங்கி என்று முடிவாயிற்று. அதன்பின் தொண்டை வறளக் கூப்பிட்டும் மேலிருந்து பதில் இல்லை. மறுநாள் வாளையார் மலைச்சரிவில் விமானம் கிடந்தது.

விசாரணையில் அதிகாரி பரிவோடு சொன்னார்கள்: "பாவமுங்க, அந்தோணிக்குக் காது மந்தமுங்க." அந்தோணிராஜுக்கு வேலை போயிற்று. அவர் கவனக்குறைவால் பிள்ளை செத்தான் என்று ஊர் தூற்றுகிறது. மாதாகோயிலில் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை. எங்களுக்கு வயிறு எரிகிறது ஐயா! அதே அறையில் நின்ற எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் உண்டல்லவா? சபையறியச் சொல்கிறோம்: அந்தோணிராஜின் காதில் பழுதில்லை. கேட்டார், சொன்னார். தடுத்தவர் இதோ மாலையோடு வீற்றிருக்கிறார்.

ஓய்வு பெறுவோருக்குச் சென்னிமலைப் போர்வை போர்த்துவது நம் நிலைய வழக்கம். அந்தப் போர்வையைக் காலையிலேயே அந்தோணிராஜின் வீட்டுக்குப் போய் அவர் தோளில் போர்த்திவிட்டு வந்தோம். அதிகாரி அவர்களுக்குக் கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலே போதும். நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! கண்பார்வை மட்டும் கடைசிவரை மங்காதிருக்கட்டும்; இதைத் தினமும் வாசிக்க வேண்டுமல்லவா?

இங்ஙனம்,
நிலைய ஊழியர்கள்
கோயமுத்தூர், 1938