கொழுகொழு எழுத்து

மெலிந்த எழுத்துகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. பட்டினி போட்டுவிட்டார்களோ என்று தோன்றும். அதனால்தான் நான் வரைந்த எழுத்துக்குக் கூர்முனையே வைக்கவில்லை. எங்கே தொட்டாலும் வளைவு, உப்பிய கன்னம், நடுவில் பொட்டு வைத்தாற்போல் சின்ன ஓட்டை. 'கொழுகொழு' என்று பெயரும் வைத்தேன். ஐஸ்கிரீம் கடை, பொம்மைக் கடை, பல் டாக்டர் வாசல் என்று ஊரெல்லாம் அதுதான். உங்கள் மேஜையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டில்கூட அதுதான்.

என் தங்கை மகளுக்கு நான்கு வயது. சிட்டு என்று கூப்பிடுவோம். அந்த எழுத்து என்றால் அவளுக்கு உயிர். எங்கே கண்டாலும் விரலால் தடவிப் பார்த்து, "இது மாமா எழுத்து, உள்ள நல்லதுதான் இருக்கும்" என்பாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

குழாய் அடைப்பை நீக்கும் திராவகம் செய்கிற முதலாளி ஒருவர் லேபிள் கேட்டு வந்தார். கொழுகொழுவில் போட்டுக் கொடுத்தேன். தங்கையின் கணவர் என்னிடம்தான் அச்சு வேலை பார்க்கிறார். அவர் முகத்தைச் சுளித்தார்.

"மச்சான், இது விஷம். இதுக்குப் போய் பொம்மைக் கடை எழுத்தா? புள்ளைங்க எடுத்துடும்."

முதலாளி சிரித்தார். "எழுத்தாவது ஒண்ணாவது. கலரத்தான் சார் எல்லாரும் பாப்பாங்க."

மாப்பிள்ளை சொன்னதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். முதலாளி சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. சோறு இறங்கவில்லை.

ஆகவே ஒரு சின்ன சோதனை. ஒரே மாதிரி மூன்று பாட்டில், மூன்றிலும் அதே ரோஜா நிறத் திராவகம். ஒன்றில் ஒல்லி எழுத்து, ஒன்றில் கூரான எழுத்து, ஒன்றில் என்னுடையது. தங்கை வீட்டுக் கூடத்தில், சிட்டுவின் கைக்கு எட்டும் முக்காலியில் வரிசையாக வைத்தேன். "அண்ணா, புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கோ" என்றுவிட்டுத் தங்கை துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள்.

காலி பாட்டில் வைத்திருக்கலாமே என்கிறீர்கள். காலி பாட்டில் கை பட்டாலே உருண்டுவிடும். தண்ணீருக்கு அந்த நிறம் வராது. தொழிலில் நான் அரைகுறை வேலை செய்வதில்லை ஐயா.

சிட்டு நேராக என்னுடையதை எடுத்தாள். தடவிப் பார்த்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். பிறகு மூடியைத் திறந்தாள். மூன்று மூடிகளையும் நான்தான் தளர்த்தி வைத்திருந்தேன். மூடி இறுக்கமாக இருந்து, அவள் சலித்துப்போய் அடுத்ததை எடுத்துவிட்டால் சோதனை கெட்டுவிடுமே.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அங்கதானே இருந்தே அண்ணா? பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அழுதேன். எனக்கும் அவள்தானே செல்லம்.

தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன். நான்தான் வைத்தேன். பார்த்துக்கொண்டும் இருந்தேன். மற்ற இரண்டு பாட்டிலையும் குழந்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதை விட்டுவிடாமல் எழுதிக்கொண்டு, முதலாளிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.