தூங்கிட்டியாம்மா

நான் படுத்தால் அடித்துப்போட்டது போலத் தூங்குகிறவன். ஆகவே, இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததில் எனக்கும் சிரமம் இருந்தது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வலிப்பு உண்டு. தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். அதை நானாக யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களிடம்தான் சொன்னேன். கேட்காதவர்கள் குறைவு.

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக, வருகிறவர்கள் என்னைத் திட்டிவிட்டுத்தான் போகிறார்கள். வெளியே அப்படியில்லை. கடையிலோ மாடிப்படியிலோ அவளுக்கு வலிப்பு வந்தால் நான் பதறமாட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். என் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்குக் கீழே வைப்பேன். கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பேன். சுற்றி நிற்பவர்கள் அவளைவிட என்னைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

"உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்க இவ கொடுத்து வெச்சிருக்கணும்" என்பார் கீழ்வீட்டு அக்கா.

"இதெல்லாம் கடமைதானேக்கா" என்பேன், பனியனோடு நின்று.

பிறகு ஒரு புது டாக்டர் வந்தார். "மாத்திரை பாதிதாம்மா. மீதி தூக்கம். தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்க, எட்டு மணி நேரம் தூங்குங்க" என்றார். அவளும் பள்ளிப்பிள்ளை மாதிரிக் கேட்டாள். பத்து அடித்தால் விளக்கை அணைத்துவிடுவாள். பதினான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கீழ்வீட்டு அக்கா என்னைப் பார்த்தால், குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவளுக்குத் தையற்கடையில் வேலை கிடைத்தது. என்னிடம் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னாள். "இனிமே நானே போய்ட்டு வந்துடுவேங்க. நீங்க கூட வரவேண்டாம்."

தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பொரு தடவை, தலையில் ஒயர்களை ஒட்டிச் செய்கிற சோதனைக்காக, அவளை ராத்திரி முழுக்க விழிக்க வைத்து அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். நான்தான் கூட உட்கார்ந்து விழிக்க வைத்தேன். மறுநாள் அங்கேயே வலிப்பு வந்தது. ஆக, இது ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தது. என் சொந்த யோசனை இல்லை.

மாத்திரையில் நான் கை வைக்கவில்லை. அதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். நான் அக்கறையாக விசாரித்தேன், அவ்வளவுதான். ஒரு மணிக்கு விளக்கைப் போட்டு, "தூங்கிட்டியாம்மா?" என்பேன். தூங்குகிறவள் பதில் சொல்லமாட்டாள் அல்லவா? சொல்லும்வரை கேட்பேன். இரண்டரைக்கு, மூச்சு சீராக இருக்கிறதா என்று தோளை உலுக்கிப் பார்ப்பேன். நாலு மணிக்கு, மாத்திரை போட்டாயா என்று.

"ஏங்க, நாலு நாளா தலை கிறுகிறுன்னு இருக்கு. என்னைக் கொஞ்சம் தூங்க விடுங்களேன்."

"உன் நல்லதுக்குத்தானே கேக்கறேன். எனக்கு மட்டும் தூக்கம் வராதா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவ்வளவு நல்ல பெண்.

பதினோராம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தையற்கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். வலிப்பு வரும் நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் இல்லையா? பதினொன்றரைக்குக் கடைக்குள் கூச்சல் கேட்டது. சிக்னல் சிவப்பில் இருந்தது. பச்சை விழுந்த பிறகே கடந்தேன். எதிலும் நான் முறை தவறுவதில்லை.

உள்ளே, அவள் துணி தேய்க்கும் மேசையின் மேல் சரிந்து கிடந்தாள். வலது கை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருந்தது. பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சட்டையை மடித்தேன். நேரம் பார்த்தேன். கடைக்காரர் கண் கலங்கி, "சார், நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்" என்றார். அவரிடமும் நீங்கள் விசாரிக்கலாம்.

மூன்று விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. இனி ஊசி பிடிக்க முடியாதாம். வருத்தம்தான். சூடான பெட்டியை ஆள் நிற்கும் பக்கமாக வைத்தது அந்தக் கடையின் கவனக்குறைவு.

எப்போது தூங்குகிறாள், எப்போது விழிக்கிறாள் என்று குறித்துவைக்க டாக்டர் அவளுக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளுடைய தங்கை அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, ராத்திரிக்கு மூணு தடவ எழுப்பியிருக்கீங்க. பதினோரு நாளும்."

"அக்கறைதாம்மா."

"அதுக்கு முன்னாடி பதினாலு மாசம் அக்கறை இல்லியா?"

சின்னப் பெண்ணிடம் வாய் கொடுக்க வேண்டாம் என்று மருந்து வாங்கப் போய்விட்டேன். காயம் ஆறியதும் அக்காவைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றேதான் எழுப்பினேன். வலிப்பு வரட்டும் என்றுதான் எழுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்களும் கொஞ்சம் நியாயமாக யோசியுங்கள். அந்த வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது, ஒருமுறைகூட அவளுக்கு வரவில்லையாம். வந்தால் பார்த்துக்கொள்ள என்னைப் போல ஓர் ஆள் அங்கே இல்லையே, மேடம்.