ஆமையைக் கண்டு நீந்தியவர்

சேலத்திலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், அந்தமான் போய்த் திரும்பும் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"ஆமையப் பாத்து ஓடுன மனுசன் நீங்க ஒருத்தருதானுங்க," என்றார் அந்த அம்மா.

"மெதுவாப் பேசு."

"கடலுக்குள்ள என்னையப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தீங்க. எம் பின்னால ஆமை வந்துச்சு. கேமராவையும் என்னையும் அங்கயே உட்டுப்போட்டுப் படகுக்கு நீந்திப் போயிட்டீங்க. நீச்சல் தெரியாதவ, லைஃப் ஜாக்கெட்டுல மெதந்துக்கிட்டுக் கெடந்தேன்."

"சுறான்னு நெனச்சுட்டேன் கண்ணு."

"சுறான்னு நெனச்சுமா என்னைய உட்டுட்டுப் போனீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் வந்து நின்றார்.

"எனக்கு மட்டும் ஒரு பள்ளிபாளையம் குடுங்க," என்றார் அந்த அம்மா.