யாரும் கட் சொல்ல வேண்டாம்

2024 பிப்ரவரி 9ஆம் தேதி, தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெர்மானிய நடிகரும் இயக்குநருமான டீட்மார் ஓசன்பெக்கின் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டப்பட்டது. அதே நேரத்தில் அவர் லைப்ஸிக் நகரத்தில், தம் வீட்டுச் சமையலறையில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

அச்சில் பிழை நிற்பது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். மாவட்ட நிருபராக இருந்த காலம் முழுக்க, ஓர் ஊர்ப் பெயரில் புள்ளி விட்டுப்போனால்கூட மறுநாள் திருத்தம் போட வைத்தவன் நான். ஆகவே நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை.

முதலில் அவர் யார் என்று தெரிய வேண்டும். கசாப்புக் கடைக்காரர் மகன். பத்தொன்பது வயதில் முதல் வேடம்: பனியில் கிடக்கும் பிணம். மூக்கின் மேல் விழுந்த பனி உருகவே இல்லை என்பார்கள். மூச்சை அப்படி அடக்கியிருக்கிறார். அதிலிருந்து இருபது வருடம் அவரைக் கொல்வதே ஜெர்மானிய சினிமாவின் வேலையாக இருந்தது. குதிரையிலிருந்து விழுந்து செத்தார், விஷம் கலந்த சூப்பைக் குடித்துச் செத்தார், மாடியிலிருந்து இறக்கிய பியானோவுக்கு அடியில் செத்தார். கதையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இந்த முறை மனிதர் எப்படிச் சாகிறார் என்று பார்க்கவே டிக்கெட் வாங்கினார்கள்.

நாற்பது வயதில் இயக்குநரானார். ஐந்து படங்கள். ஒன்றில்கூட யாரும் சாவதில்லை. ஒரு படத்தில் நான்கு பேர் ரொட்டி வேகும்வரை காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. நான் மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் பசித்தது. அவரைப் பற்றித் தமிழில் முதலில் எழுதியவன் நான். இரண்டாவதாக எழுதியவர் யாரும் இல்லை.

தஞ்சாவூரில் எங்கள் திரைப்படச் சங்கம் மாதம் ஒரு படம் போடும். நான் செயலாளர். அந்தப் பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் இணையதளத்தில் அவர் படத்தோடு மரணச் செய்தியைப் பார்த்தேன். உண்மையில் இறந்தவர் அவருடைய அண்ணன், நாடகங்களுக்கு ஒளியமைத்தவர். தளத்துக்காரர்கள் தம்பி படத்தைப் போட்டுவிட்டார்கள். மறுநாளே திருத்தம் வெளியிட்டார்கள். அதையும் பார்த்தேன். ஆனால் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. படத்திறப்புக்கு வர ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார். நம் ஊரில் ஒருவருக்குப் படத்திறப்பு நடந்துவிட்டால் அவர் இறந்தவர்தான். திறந்த படத்தை யாரும் மறுபடி திரை போட்டு மூடுவதில்லை.

அரங்கு நிறைந்திருந்தது. நான் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர், "கடைசியா ஏதாவது சொன்னாருங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "‘இந்த முறை யாரும் கட் சொல்ல வேண்டாம்’ என்றார்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் கைத்தட்டல். அந்த வரி என்னைவிட வேகமாக ஊர் சுற்றியது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆனது, ஆட்டோக்களின் முதுகில் ஏறியது, ஒரு கல்லூரிக்குச் சட்டையானது. அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும்போது வீடியோக்காரரிடம் அதைச் சொன்னாராம். பதிப்பகம் என்னைத் தேடி வந்தது. ‘கட் சொல்லாத கலைஞன்’ எழுதினேன். கடைசி அத்தியாயம் முழுக்க அவர் மரணம்: சன்னலுக்கு வெளியே மழை, ஒரு செவிலி, அந்த வரி. படித்தவர்கள் அழுதார்கள். புத்தகத்துக்கு விருதும் அறிவித்தார்கள், 2025 மார்ச்சில் தருவதாக.

நவம்பரில் தரங்கம்பாடியிலிருந்து வீரமணி போன் செய்தார். அவருக்குச் சொந்தமாகப் படகு உண்டு. கடலுக்குப் போகாத மாதங்களில் எங்கள் திரையிடலுக்குப் பஸ் ஏறி வருவார்.

"சார், உக்காந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா?"

"ஏன்?"

"உக்காருங்க. உங்க செத்துப்போன ஜெர்மன்காரர் எங்க தெருவுல சங்கரா மீன் வாங்கிட்டிருக்காரு. நீங்க தொறந்து வெச்சீங்களே படம், அதே மூக்கு."

போனேன். எண்பத்தோரு வயது, நல்ல உயரம், காலில் ரப்பர் செருப்பு. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, "வணக்கம். நான் காலமானவர்" என்றார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். எங்கள் ஃப்ளெக்ஸின் படத்தை அவருடைய அக்காள் மகள் இணையத்தில் பார்த்துக் காட்டியிருக்கிறாள். தாம் செத்த ஊரைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று விமானம் ஏறிவிட்டார். தஞ்சாவூர் வரும் வழியில் கடலைப் பார்க்கத் தரங்கம்பாடியில் இறங்கியவர், வீரமணி வீட்டிலேயே தங்கிவிட்டார்.

தமிழ் கற்றுக்கொடுத்தது கயல்விழி. பூதலூர்ப் பெண், கல்யாண வீடியோ எடுப்பவள், சங்கத்தில் ஒளிப்பதிவு தெரிந்த ஒரே ஆள். வீரமணி அவளுக்கும் போன் செய்திருக்கிறார், எனக்கு முன்பே.

அந்த மூன்று மாதமும் தரங்கம்பாடியில் திருவிழாதான். காலையில் மீன் இறங்குமிடத்துக்குப் போவார். விலை சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்து செத்துப்போவார். சுற்றி ஈ மொய்க்கும், இமை அசையாது. மீன்காரப் பெண்கள், "எழுந்திரு தாத்தா, பத்து ரூபா குறைச்சுக்கிறேன்" என்பார்கள். உடனே உயிர் வந்துவிடும். நாளாக ஆக அவர் சாவதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. மீனும் நன்றாக விற்றது.

அவர் வந்திருப்பதைத் தஞ்சாவூரில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உற்சாகமாக ஒப்புக்கொண்டார். "இறந்தவன் பேட்டி கொடுக்கக் கூடாது, மணி" என்றார். மணிவண்ணன் என்ற என் பெயர் அவர் வாயில் மணி ஆகியிருந்தது. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். கயல்விழி என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை அவருக்கு வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னாள். கேட்டு முடித்ததும், "என் ஆறாவது படம் கிடைத்துவிட்டது" என்றார்.

படம் இதுதான். அவருடைய சவ ஊர்வலம், நம் ஊர் முறைப்படி. வீட்டிலிருந்து சுடுகாடுவரை ஒரே ஷாட். யாரும் கட் சொல்லக் கூடாது. சுடுகாட்டில் பாடையை இறக்கியதும் அவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார். அப்போது படம் முடியும். நடிகர் அவர், ஒளிப்பதிவு கயல்விழி, உதவி இயக்குநர் நான். பிப்ரவரி ஒன்பதாம் தேதியை அவரேதான் குறித்தார். ஃப்ளெக்ஸில் போட்ட தேதி வீணாகக் கூடாதாம்.

"எழுந்து உட்கார்ந்து என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். ஆனால் நீ சிரிப்பாய்."

என் விருதுக்காக இதைச் செய்தேன் என்று நீங்கள் எழுதக்கூடும். அந்தக் கிழவர் பாடையில் எழுந்து உட்கார்வதை நாடு பார்த்தால், என் மழையும் செவிலியும் என்ன ஆவார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் நான் யோசித்தது விமர்சகனாக. இருபது வருடம் பொய்யாகச் செத்தவர். பிறகு யாரையும் சாக விடாதவர். அப்படி ஒரு வாழ்க்கைக்குப் பாடையில் எழுந்து உட்கார்ந்து பல்லைக் காட்டுவது மலிவான முடிவு. நல்ல முடிவு ஒன்று அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அதை நான் எழுதியிருந்தேன்.

கயல்விழி கவனமான பெண். பிணத்துக்கு மூக்கில் வைக்கும் பஞ்சை வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் ஒட்டி, உள்ளே காற்றுப் போக வழி விட்டிருந்தாள். தாடையைச் சுற்றிய வெள்ளைத் துணிக்கு உள்ளே எலாஸ்டிக். கால் பெருவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியது இழுத்தால் அவிழும் முடிச்சு. மார்பிலும் முழங்காலிலும் பாடையோடு சேர்த்துப் போட்ட கயிறும் அப்படித்தான். பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். பெரியவர் ஒவ்வொரு முறையும் குழந்தைபோல எழுந்து உட்கார்ந்தார்.

ஒன்பதாம் தேதி காலையில் தரங்கம்பாடியே திரண்டு வந்தது. பூப்பல்லக்கு, தப்பு செட், வெடி, எதிலும் குறை வைக்கவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மகனாக நடித்த வீரமணி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார்.

"எங்கப்பனுக்குக்கூட நான் இவ்ளோ அழகா சட்டி தூக்கலை சார்."

"கேமராவைப் பார்க்காதே."

"அது என்னைப் பார்க்குதே, நான் என்ன பண்ணட்டும்?"

பாதி வழியில் பாடையை இறக்கி, தலை இருந்த பக்கம் கால் வரும்படி திருப்பித் தூக்குவது வழக்கம். அந்த இடத்தில் கயல்விழி கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவதாகவும், நான் ஒப்பனையைச் சரிசெய்வதாகவும் ஏற்பாடு. பல்லக்கின் பூச்சரங்களுக்குள் தலையை நுழைத்தேன். மல்லிகை வாசனை மூச்சடைத்தது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எப்படி?"

"பிரமாதம். பஞ்சு மட்டும் கழன்றிருக்கிறது."

கழன்றிருக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, பையில் நனைத்து வைத்திருந்த பஞ்சை விரல் போகும் ஆழத்துக்கு வைத்தேன். அவர் வாய் வழியாக மூச்சு விட்டபடி கண் சிமிட்டினார். எலாஸ்டிக்கை உருவிவிட்டு, தாடையை என் துணியால் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். உதட்டின் மேல் ஈரத் துணியை மடித்து வைத்து, அதையும் சேர்த்தே கட்டினேன். விரல் முடிச்சுகளையும் கயிறுகளையும் நிஜ முடிச்சாக மாற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலே ரோஜா மாலை. அவர் தடுக்கவில்லை. நல்ல நடிகர்கள் உதவி இயக்குநரை நம்புவார்கள். கடைசி முடிச்சின்போதுதான் கண்ணில் ஒரு கேள்வி வந்தது. அதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

தப்புக்காரர்கள் அப்போதுதான் சூடேறியிருந்தார்கள். சேர்த்துக் கட்டிய பாதங்கள் துள்ள ஆரம்பித்தன. பல்லக்கிலிருந்து பூ உதிர்ந்தது.

"சார், தாத்தா தாளத்துக்குக் காலை ஆட்டுறாரு பாருங்க" என்றார் வீரமணி.

"ஆட்டட்டும்" என்றேன்.

கூட்டம் விசிலடித்தது. தப்புக்காரர்கள் அவர் காலைப் பார்த்து அடியை வேகப்படுத்தினார்கள், அவரும் வேகப்படுத்தினார். உண்மையைச் சொன்னால், அவ்வளவு நீண்ட தொழில் வாழ்க்கையில் அவர் மிகையாக நடித்தது அந்த ஒரு முறைதான். கொஞ்ச தூரத்தில் அடங்கிவிட்டார். பழைய டீட்மார் திரும்பி வந்துவிட்டார் என்று எல்லாரும் ரசித்தார்கள்.

சுடுகாட்டில் இறக்கினோம். தப்பு நின்றது. எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. பார்த்தீர்களா, எவ்வளவு பொறுமையான மனிதர் என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். முகத்தில் ஈ உட்கார்ந்தது. இமை அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு மீன்காரப் பெண், "எழுந்திரு தாத்தா, பத்து ரூபா குறைச்சுக்கிறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் இருபது குறைத்தாள். அப்புறம் சும்மா தருவதாகச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

யாரும் கட் சொல்லவில்லை. கயல்விழி கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. வீரமணி மீன் கத்தியால் அறுத்தார்.

‘படப்பிடிப்பில் விபத்து: ஜெர்மன் இயக்குநர் பலி’ என்று பத்திரிகைகளில் வந்தது. கூட்டத்தில் யாரோ கட்டுகளை இறுக்கிவிட்டார்கள் என்று எழுதினார்கள். அது பிழை. விபத்து அல்ல, கொலை. செய்தவன் நான். திருத்தத்தை இப்படியே போட்டுக்கொள்ளலாம்.

பல்லக்கின் பூக்களுக்கு நடுவே கயல்விழி ஒரு கைபேசியைக் கட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நேற்று நீங்கள் போட்டுக் காட்டியபோதுதான் பார்த்தேன். என் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன. பூக்களின் நிழல் அவர் முகத்தில் விழுகிற விதம் அருமை. அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், ஷாட் நன்றாக வந்திருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அவர் எழுந்து என்ன சொல்ல இருந்தார் தெரியுமா சார்? ஒரு மாசமா என்கிட்ட பிராக்டிஸ் பண்ணார். ‘இந்த முறை யாரும் கட் சொல்ல வேண்டாம். இதுதான் என் கடைசி வார்த்தை. மணிவண்ணன் எனக்கு முன்னாடியே கேட்டுட்டார்.’ அவ்வளவுதான் சார். அதோட ஊருக்குப் போய் இனி பேட்டியே கொடுக்கப்போறதில்லைன்னார். உங்க புக்கை உண்மையாக்கிட்டுப் போறேன்னு சிரிச்சார்."

இருக்கலாம். ஆனால் அவருடைய உச்சரிப்பு உங்களுக்குத் தெரியாது. ‘வேண்டாம்’ என்பதை ‘வெண்டம்’ என்பார். அந்த வரியை அவர் வாயில் விட்டிருந்தால் கெடுத்திருப்பார். நான் அதைக் காப்பாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரே உயிரோடு இருந்தால் இதை ஒப்புக்கொள்வார்.

திரைப்படச் சங்கம் இரண்டாவது படத்திறப்பு நடத்தவில்லை. பழைய படமே சுவரில் இருக்கிறது. பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே புது ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நாளையும் மாதத்தையும் தொடவில்லை. ஆண்டை மட்டும் மாற்றினார்கள்.