ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு

—அடுத்த கமெண்டப் படி.

—வேணாங்க. மொதல்ல டீயக் குடிச்சு முடிங்க.

—படிம்மா. டீ எங்கயும் ஓடிடாது.

—"மாஸ்டர், நீங்க படம் போட்டுக் காட்டின மாதிரியே நாலு பிளக் வயரையும் புதுசா மாட்டினேன். சாவியத் திருப்பினா கார் கிளம்பல, வெடிக்குது. பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தொறந்துட்டு வெளிய ஓடி வந்துட்டாரு." போதுமா?

—அடுத்தது.

—இந்த ஆளு மரியாதையெல்லாம் தரல. "எவன்டா இந்தக் குறிப்ப எழுதினது"ன்னுதான் ஆரம்பிக்குது. மீதிய நான் வாயால சொல்ல மாட்டேன்.

—ஒருத்தருக்கு சைலன்சர் பிளந்துபோச்சே, அவரு என்ன எழுதியிருக்காரு?

—எழுதல. படம் போட்டிருக்காரு. நீங்க பாக்காதீங்க.

—குடு இங்க. ஐயய்யோ, வாழப்பழத்த உரிச்ச மாதிரி இருக்கு.

—அதான் பாக்காதீங்கன்னேன்.

—அதாவது, எனக்கு என்ன புரியலேன்னா, இத்தன வருஷமா போன்ல இந்தப் பழைய கார் குழுவுல எழுதறேன். கதவுக் கண்ணாடி எழுதினேன், பிரேக் எழுதினேன், கார்புரேட்டர் எழுதினேன். ஒருத்தர் ஒரு குறை சொன்னது உண்டா? இந்த மாடல் கார வச்சுக்கிட்டு மெக்கானிக் கிடைக்காம தவிக்கறவங்க என் குறிப்பத்தானே நம்பறாங்க.

—யாரு இல்லேன்னா? ஸ்கூல்ல பசங்களுக்குப் பூச்சாடி வரையச் சொல்லித் தர்ற ட்ராயிங் மாஸ்டர், வீட்டுக்கு வந்தா பிரேக் ட்ரம்ம அந்தப் பூச்சாடியவிட அழகா வரையறாரு.

—கிண்டல் பண்றியா?

—பெருமைப்படறேங்க. உங்களப் பாத்துப் பெருமைப்பட்டா உங்களுக்குக் கிண்டலாத் தெரியுது, நான் என்ன பண்ண?

—சரி, அந்த டார்ச்ச இப்படிப் பிடி. இன்னும் கொஞ்சம் கீழ. அங்கதான்.

—மறுபடியும் எதுக்கு இத நோண்டறீங்க? நம்ம வண்டி நல்லாத்தானே ஓடுது. காலையில காய்கறி வாங்கிட்டு வந்தோமே.

—அதான் கேள்வியே. நான் எதையும் கற்பனை பண்ணி எழுதல. நம்ம கார்ல இருக்கறதப் பாத்து அப்படியே வரைஞ்சேன். முதல் பிளக்கோட வயர் இந்த மூடியில எந்த ஓட்டையில போகுதுன்னு அம்புக்குறி போட்டேன். நம்ம கார் ஓடுது, அவங்க கார் வெடிக்குது. எப்படி?

—நம்ம கார் இல்ல. எங்க அப்பா காரு.

—சரி, உங்க அப்பா காரு. இந்த மூடிய அடியோட கழட்டணும், துணியக் குடு.

—அது சட்டைக்கு வெட்டி வச்ச துணி. கைய வைக்காதீங்க, நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து கேக்கும். இந்தாங்க, இது பழசு.

—நீ தையல் கடைய ஷெட்டுக்குள்ள வச்சா இப்படித்தான்.

—நீங்க ஷெட்ட என் தையல் கடைக்குள்ள வச்சிருக்கீங்க. மழ வேற, ஒழுகுது பாருங்க அந்த மூலையில. என்ன, என்ன ஆச்சு? ஏன் பேசாம நிக்கறீங்க?

—இங்க வா. இந்த ஓட்டைக்குள்ள பாரு. அடியில ஒரு தண்டு தெரியுதா, தலையில கோடு போட்ட மாதிரி?

—தெரியுது.

—அது சுத்தறத வச்சுத்தான் எந்த பிளக்குக்கு எப்போ நெருப்பு போகணும்னு முறை வருது. அது தலைகீழா உக்காந்திருக்கு. அதாவது, அரைச்சுத்து திரும்பி உக்காந்திருக்கு. கம்பெனிப் புத்தகத்துல படம் இருக்கு, பாரு, கோடு இந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கணும். நமக்கு அந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு.

—அப்போ எப்படி ஓடுது?

—யாரோ இன்ஜினக் கோக்கும்போது இத அரைச்சுத்து தப்பாப் போட்டுட்டாங்க. அப்புறம் அதப் பிரிக்காம, மேல இருக்கற நாலு வயரையும் அதே அரைச்சுத்து மாத்திச் சொருகிட்டாங்க. ரெண்டு தப்பும் சேந்து சரியாப் போச்சு. நம்ம காருக்கு மட்டும்.

—ஊசியத் திருப்பி மாட்டிட்டு, துணியையும் திருப்பி வச்சுத் தைக்கற மாதிரி.

—அதேதான். நான் இந்தத் தப்ப அழகா வரைஞ்சு, கலர் அடிச்சு, உலகத்துக்கே அனுப்பிட்டேன். வெடிக்காம என்ன செய்யும்?

—ஏங்க.

—கேவலமா இருக்கும்மா. இன்னிக்கே அந்தக் குறிப்ப எடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதிட்டு, இந்தத் தண்டையும் வெளிய எடுத்து நேராப் போட்டுடறேன். அந்த நீள ஸ்க்ரூட்ரைவர எடு.

—எடுக்க மாட்டேன்.

—ஏன்?

—அது எங்க அண்ணன் கோத்தது.

—உங்க அண்ணனா?

—கல்யாணத்தன்னிக்கு நீங்க பின்சீட்டுல உக்காந்திருந்தீங்க. மறந்துட்டீங்களா?

—எப்படி மறக்கும்? மாப்பிள்ளக் கோலத்துல உக்காந்திருக்கேன், சாவியத் திருப்பினதும் டமார்னு ஒரு சத்தம். நான் மாலையோட கீழ குனிஞ்சிட்டேன். நீ சிரிச்சே.

—அழற நேரத்துல சிரிப்பு வந்துடுச்சு. எங்க அண்ணன் அதுக்கு முந்தின வாரம் பூரா இந்த ஷெட்லதான் கிடந்தான். தங்கச்சி போற காரு, புதுசு மாதிரி ஓடணும்னு இன்ஜினப் பூரா பிரிச்சுக் கோத்தான். சத்தம் கேட்டதும் வந்த சனத்துக்கு முன்னாடி அப்பா, "நீ எதுக்குடா லாயக்கு"ன்னாரு. இன்னும் என்னென்னவோ சொன்னாரு.

—உங்க அண்ணன் ஒண்ணும் பேசல. புதுச் சட்டையோட பானட்டத் தொறந்தாரு. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது, மூடிட்டாரு. அடுத்த தடவ கிளம்பிடுச்சு.

—அந்த ரெண்டு நிமிஷத்துல மாத்தின வயருதான் இது. நம்மள இறக்கி விட்டுட்டு, சாவிய அப்பா கையில குடுத்துட்டுப் போனவன். அவ்வளவுதான். அப்பா செத்தப்போகூடச் சொல்லியனுப்ப ஒரு விலாசம் இல்ல நம்மகிட்ட.

—தெரியும்மா. நான் எத்தன இடத்துல தேடினேன்.

—உங்களச் சொல்லல. நீங்க தேடினத எங்க அப்பாகூடத் தேடல. ஆனா அந்தத் தண்ட மட்டும் எடுக்காதீங்க. அவன் கை பட்டதுன்னு எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.

—எடுக்கல. சத்தியமா எடுக்கல. அழாத. கண்ணத் தொடைக்காத, கையெல்லாம் கிரீஸ். இரு, நான் தொடைச்சு விடறேன்.

—உங்க கையில மட்டும் என்ன சந்தனமா?

—ஆனா ஒண்ணு புரியல. அத்தன வேல தெரிஞ்ச ஆளு, இந்தத் தப்ப எப்படிப் பண்ணினாரு?

—அவன் இடது கைக்காரன். எல்லாரும் நிக்கற பக்கம் நிக்க மாட்டான், இன்ஜினுக்கு அந்தாண்ட பக்கம் நின்னு, புத்தகத்த எதிர்ல விரிச்சு வச்சுக்குவான். படம் ஒரு பக்கத்துலேர்ந்து வரைஞ்சது, இவன் பாக்கறது இன்னொரு பக்கத்துலேர்ந்து.

—அப்போ அவரு கோக்கற ஒவ்வொரு இன்ஜினும் இப்படித்தான் இருக்கும்.

—இருக்கும். அவனுக்கு அதுதான் நேர்.

—போன இப்படிக் குடு.

—மறுபடியும் திட்டு வாங்கப் போறீங்களா?

—திட்டு இல்லம்மா. நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, நான் ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனச்சுத் தாண்டிட்டேன். எங்க போச்சு… இதோ. "பழைய டயர்"னு பேர் வச்சிருக்காரு. படி.

—"குறிப்பு சரியா இருக்கு. படத்துல இருக்கற மாதிரியே மாட்டினேன், என் கார் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு. எழுதினவர யாரும் திட்ட வேண்டாம்."

—புரியுதா?

—ஒருத்தராவது நல்ல மனுஷன் இருக்காரு.

—அது இல்ல. என் குறிப்பு தப்பு. அந்தத் தப்புக் குறிப்பு இவருக்கு மட்டும் சரியா வருது. ஏன்? இவரு கார்லயும் அந்தத் தண்டு அரைச்சுத்து திரும்பி உக்காந்திருக்கணும். அப்போ அந்த இன்ஜினக் கோத்தது…

—அண்ணன்.

—இரு, இரு. வேற எவனாவதும் இதே தப்பப் பண்ணியிருக்கலாம். இல்லேன்னு சொல்ல முடியாது. ரொம்ப ஆசைய வளத்துக்காத.

—வளத்துட்டேன். இனிமே சொல்லி என்ன பிரயோஜனம்? எழுதுங்க, கேளுங்க அவர. உங்க இன்ஜினக் கோத்த மெக்கானிக் யாரு, எங்க இருக்காருன்னு கேளுங்க.

—எழுதறேன், தள்ளாத. "ஐயா, வணக்கம். தங்கள் மேலான கருத்துக்கு…"

—இது என்ன கல்யாணப் பத்திரிகையா? சுருக்காக் கேளுங்க.

—"உங்க கார் இன்ஜினக் கோத்தது யாருன்னு சொல்ல முடியுமா? என் மனைவிக்கு ரொம்ப முக்கியம்." சரியா?

—அனுப்புங்க.

—அனுப்பிட்டேன். பாத்துட்டாரு போலிருக்கு. எழுதறாரு.

—என்ன எழுதறாரு?

—எழுதறாருன்னு மட்டும்தான் காட்டும். நிறுத்திட்டாரு. மறுபடியும் எழுதறாரு. மறுபடியும் நிறுத்திட்டாரு.

—இங்க காட்டுங்க, நானும் பாக்கறேன்.

—இந்த ஸ்டூல்ல உக்காரு. என் கையப் பிடிச்சுக்கோ. வந்துடுச்சு.

—என்ன?

—ஒரு வார்த்தையும் இல்ல. வெறும் போன் நம்பர்.

—பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்களே பேசுங்க, என்னால முடியாது.

—மணி அடிக்குது.

—ஹலோ.

—வணக்கங்க. நான் பழைய கார் குழுவுலேர்ந்து பேசறேன். அந்த பிளக் வயர் குறிப்ப எழுதினது நான்தான்.

—தெரியுது, சொல்லுங்க.

—அதாவது, உங்க இன்ஜினக் கோத்தவரப் பத்தி…

—உங்க குறிப்புல கடைசிப் படத்துல ஒரு கை டார்ச்சப் பிடிச்சிருக்கு. கட்டைவிரல்ல ஊசி ஏறின தழும்பு இருக்கு. அது யாரு கைங்க?

—என் மனைவி கை. அவங்க டெய்லர்.

—தைக்கறாளா இன்னும்? நல்லா இருக்காளா?

—அண்ணா.

—…

—அண்ணா, பேசு. நான்தான்.

—வாலு.

—வாலுதான். வாலுக்கு முடி நரைச்சுப் போச்சு. எங்க இருக்கே? சாப்பிடறியா ஒழுங்கா? குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு?

—இப்பத்தான் கம்முது. காலையில நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா எப்படி இருக்காரு?

—அப்பா இல்லண்ணா. போயிட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத் தேடினோம்.

—…

—கேக்குதா? கடைசி வரைக்கும் அவரு இந்த இன்ஜின ஒரு மெக்கானிக்கத் தொட விடல. சர்வீசுக்கு விடலாம்னு இவரு சொன்னாக்கூட, "என் பையன் கோத்தது, நல்லாத்தான் ஓடுது"ன்னு சொல்லிடுவாரு. உன்கிட்டச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரல.

—அப்படியா சொன்னாரு?

—அப்படித்தான் சொன்னாரு மச்சான். நான் சாட்சி. என்கிட்டயே கோவிச்சுக்குவாரு.

—மாப்பிள்ள, நீங்க மன்னிச்சுக்கணும், உங்க கல்யாணத்துல வெடி வச்சவன் நான்.

—அதுக்கப்புறம் எங்க கல்யாண வாழ்க்கையில வெடியே இல்ல மச்சான். எல்லாம் ஒரேயடியா அன்னிக்கே வெடிச்சுடுச்சு.

—பொய் சொல்றாரு அண்ணா, தினமும் சண்டதான். அத விடு. நாங்க இப்பவே கிளம்பி வர்றோம், வழி சொல்லு. உன் காரையும் பாக்கணும். அதையும் அந்தாண்ட பக்கம் நின்னுதானே கோத்தே? என்ன கலரு அது?

—கார் ஏது வாலு? என்கிட்ட சைக்கிள்கூட இல்ல. படத்துல அந்த வயரப் பாத்ததுமே நான் கோத்த இன்ஜின்னு தெரிஞ்சுடுச்சு. நான் பண்ணின தப்புக்கு ஆளாளுக்கு மாப்பிள்ளையத் திட்டிட்டிருந்தாங்க, பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல, அதான் அப்படி எழுதினேன்.