ஆப்பிளை அடித்த துப்பாக்கி

இல்ல வுகோத்தாண்ணே, நான் கேக்குறேன்... நூத்தி முப்பது வயசுத் துப்பாக்கி எங்கயாவது குறி தவறாம அடிக்குமா? அடிக்கலாமா? ஒரு நியாயம் வேண்டாமா? நான் உங்க கடையில என்ன கேட்டேன்? பழைய ராணுவக் கைத்துப்பாக்கி ஒண்ணு குடுங்க, பாக்க மிரட்டலா இருந்தா போதும்னேன். சொன்னேனா இல்லையா? ...ஆங், தலைய மட்டும் ஆட்டுங்க. காப்பியா? போடுங்க. சக்கரை வேண்டாம்... இல்ல, போடுங்க. இனிமே யாரு வந்து கேக்கப் போறா.

நேத்து கல்யாணத்துக்கு நீங்க வரல. வராம இருந்ததே நல்லது. ஆப்பிளக் கம்பு நுனியில செருகி, முசுக்கொட்டை மரத்து உச்சியில கட்டினதே நான்தான். மாப்பிள்ளை அதச் சுட்டு வீழ்த்தாம பொண்ணு வாசல் தாண்டக் கூடாது. நம்ம மலைச் சட்டம். நானா போட்டேன்? மத்தவங்க எல்லாம் வேட்டைத் துப்பாக்கியக் குடுத்து வேலைய முடிச்சிர்றாங்க. சோம்பேறிப் பயலுங்க! நான் என்ன சொன்னேன்னா, எங்க கொள்ளுத்தாத்தா துருக்கிக்காரனோட மோதினப்ப இடுப்புல வச்சிருந்த துப்பாக்கி இது, இதாலதான் சுடணும்னேன். நீங்க போன மாசம் வித்ததுன்னு வெளிய சொல்லிராதீங்க. அவருகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அத அவரே வித்துக் குடிச்சுட்டாரு. அது குடும்ப விஷயம், விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், மாப்பிள்ளை. ஸ்லோவேனியாக்காரன். காஷ்பெர்னு பேரு. லூப்லியானாவுல லிஃப்ட்டப் பரிசோதிக்கிற உத்தியோகம். கயிறு அறுமா அறாதான்னு பாத்தே பொழைக்கிற ஆளு! நம்ம பசங்க கையில குடுத்தா மீசைய முறுக்கி வானத்தப் பாத்து ஒண்ணு விடுவானுங்க. இவன் என்னடான்னா, "இதுக்கு ஏத்த தோட்டா எது மாமா?"ங்குறான். மாமாவாம்!

நேரா உங்ககிட்டயே தூக்கிட்டு வந்துட்டான். நீங்களும் சேந்துக்கிட்டீங்க. குழாய்க்குள்ள ஈயத்த எறக்கி அளவெடுத்தது யாரு? நீங்க! இந்தக் காலத்து மருந்தப் போட்டா வெடிச்சுச் செதறிரும், கருமருந்துதான், அதுலயும் கொஞ்சம்தான்னு பாடம் எடுத்தது யாரு? நீங்களேதான்! அப்புறம் என் வீட்டுக்கு வந்து பண்ணினானே ஒரு கூத்து... பழைய லாரி டயர்ல துப்பாக்கியக் கட்டினாண்ணே. விசையில ஒரு கயிறு. அதப் புடிச்சுக்கிட்டு என் ஆட்டுப்பட்டிச் சுவருக்குப் பின்னால போய் உக்காந்துக்கிட்டான். காதுல பஞ்சு, கண்ணுக்குக் கண்ணாடி. பக்கத்து வீட்டுக்காரன் பாத்துச் சிரிக்கிறான். மானம் போச்சு! ஆம்பளை துப்பாக்கிக்குப் பயந்து ஒளிஞ்சுக்குவானா?

அஞ்சு அறைக்கும் அஞ்சு வெடி. ஒவ்வொரு வெடிக்கும் காலித் தோட்டாவ உருவி விரிசல் இருக்கான்னு பாக்குறான். எம் பொண்ணு தாரிங்கா பக்கத்துல உக்காந்து நோட்டுல எழுதுறா. அதுக்கப்புறந்தான் கையிலயே தொட்டான். மணல் மூட்டை மேல வச்சு அட்டையில சுட்டான். எல்லாம் வலப்பக்கம் போச்சு. ஒன்றரைச் சாண் வலப்பக்கம்! எனக்கு... என்ன சொல்றது, அன்னைக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

நேத்து என்னடான்னா ஜனங்கள எல்லாம் ஒரு கயிறு கட்டிப் பின்னால நிறுத்துறான். ஆடுகள அவுத்துக் கொண்டுபோகச் சொல்றான். மரத்துக்குப் பின்னால வெறும் மலைச்சரிவுதானான்னு மூணு தடவ போய்ப் பாக்குறான். சுடுவானான்னு பாத்தா... ஆப்பிள் இங்க இருக்கு, இவன் இடப்பக்கம் வெறும் ஆகாசத்தக் குறி பாக்குறான்! "மாப்ளே, ஆப்பிள் இந்தப் பக்கம்"னு கத்தினான் எம் மச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான். நான்தான் சத்தமாச் சிரிச்சேன்.

டமார்! புகை விலகினப்ப கம்பு மட்டும் நிக்குது.

அஞ்சு குண்டும் தவறிரும், "அடுத்த வருஷம் பாக்கலாம் மாப்ளே"ன்னு தோளத் தட்டி அனுப்பிரலாம்னு நெனச்சேன். ஒரு வருஷந்தானேண்ணே? அவ அம்மா போனப்புறம் அந்த வீட்டுல நாங்க ரெண்டே பேரு...

என்ன, நான் கொண்டாந்த துப்பாக்கிய எடுத்து நுனியில விரல வச்சுப் பாக்குறீங்க? எடுங்க விரல. அந்தக் குறி பாக்குற முனையா? பழசுன்னா கொஞ்சம் கோணியிருக்காதா? ...புதுக் கீறலா. ஆமா. நான்தான். வாங்கின அன்னைக்கே குறடு போட்டு வளச்சேன். போதுமா?

...அவன் இங்க கொண்டாந்தப்பவே பாத்துட்டீங்களா? பாத்துட்டும் சும்மா இருந்தீங்களா? ...அவனும் பாத்தானா? பாத்துட்டுத்தான் என்னை மாமான்னு கூப்புட்டுக்கிட்டிருந்தானா?

சரிதான். அப்ப நீங்க மூணு பேரு.

ஆமா, அவளுக்கும் தெரியும். நேத்து வாசல்ல என்னைக் கட்டிப் புடிச்சு அழுதா. அழுதுக்கிட்டே காதுல சொல்றா: "அப்பா, குறடத் தொழுவத்துலயே போட்டுட்டீங்க. தொடச்சு ஆணியில மாட்டிட்டேன்." மூணு வாரம்ணே! ஒரு வார்த்தை கேக்கல. தினம் காலையில காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டேதான் இருந்தா.

வேண்டாம், நிமுத்தாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். இன்னைக்குக் காலையில எந்திரிச்சுப் பாத்தேன். கத்தி, கரண்டி, குறடு, எல்லாம் அதது எடத்துல இருக்கு. எனக்குத்தான் எங்க உக்காருறதுன்னு தெரியல. அதான், உங்களயாவது வந்து திட்டலாம்னு...